மரத்தடியில் நின்று ‘டபுள்’ என்று சொல்லாதீர்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் கண்ணுகளுக்கு,

என் வழியனுப்பு விழாவில் உங்களுக்கு நாலு வார்த்தை அறிவுரை சொல்லும்படி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நான் வாயைத் திறந்ததும் கரண்டு போய்விட்டது. ஏற்காட்டுக் கரண்டுக்கு யாரை எப்போது நிறுத்த வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். அது திரும்பி வருவதற்குள் கேக் வந்துவிட்டது. கேக்குக்கு முன்னால் எந்த அறிவுரையும் எடுபடாது. அதனால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டு வடை மடிக்க வைத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

நான் இங்கே என்ன வேலை பார்த்தேன் என்று உங்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் வீட்டிலேயே தெரியாது. மலை விவசாயிகளுக்கு உதவுகிற நம்முடைய இந்தச் சின்ன அமைப்பின் அறிக்கைகளை இங்கிலீஷில் எழுதுவது ஒரு பாதி. நிதி கொடுக்கிறவர்கள் பார்வையிட வரும்போது அவர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் தமிழும் அந்தப் பக்கம் இங்கிலீஷுமாக மாற்றிச் சொல்வது மறு பாதி. அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். நான் படித்தது கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில். அங்கே வராந்தாவில் தமிழில் பேசினால் முட்டி போட வேண்டும். அந்த முட்டிவலிக்குப் பயந்து கற்றுக்கொண்ட இங்கிலீஷ்தான் இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டது.

இந்தத் தொழிலில் உங்களைப் பாடாய்ப் படுத்தப்போவது இலக்கணம் இல்லை. வளர்ச்சியைச் சொல்லும் வார்த்தைகள்தான். இங்கிலீஷ்காரர்களுக்கு எதுவும் சும்மா வளர்ந்தால் போதாது. அது ‘டபுள்’ ஆக வேண்டும், ‘ட்ரிபிள்’ ஆக வேண்டும், ‘மல்டிப்ளை’ ஆக வேண்டும். ராக்கெட் மாதிரி மேலே போக வேண்டும், இல்லாவிட்டால் பனிப்பந்து மாதிரி உருண்டு பெருக வேண்டும். நம்மூர்ப் பனியைப் பற்றி உங்களுக்கே தெரியும். காலையில் கண்ணை மறைக்கும், எட்டு மணிக்குக் காணாமல் போய்விடும். அதைப் பிடித்து யாரும் இதுவரை பந்து உருட்டியதில்லை. ஆனாலும் ‘கரடியூர்ப் பெண்களின் சேமிப்பு பனிப்பந்தாக உருள்கிறது’ என்று நம் பழைய அறிக்கை ஒன்றில் இருக்கிறது.

அது அப்போதிருந்த டைரக்டரின் கைவண்ணம். நல்ல மனுஷர். சென்னையிலிருந்து வந்தவர். மழைக்காலத்தில் எனக்கு ஜுரம் வந்தபோது தன் காரிலேயே சேலத்துக்குக் கூட்டிப்போனவர். ஆனால் வார்த்தைகளில் அவருக்கு அளவே கிடையாது. ஒருமுறை ‘சேர்வராயன் மலை முழுக்க மகளிர் குழுக்கள் காளான்களாக முளைக்கின்றன’ என்று இங்கிலீஷில் எழுதி அனுப்பிவிட்டார். இங்கிலீஷில் காளானாக முளைப்பது நல்ல காரியம் இல்லை. கேட்பாரற்றுக் கண்ட இடத்தில் கிளம்புவதற்குத்தான் அப்படிச் சொல்வார்கள். நிதி கொடுத்தவர்கள் பதில் போட்டார்கள். இதைக் கட்டுப்படுத்த நீங்கள் எடுத்துவரும் நடவடிக்கை என்ன என்று கேட்டிருந்தார்கள்.

அவருடைய செல்ல வார்த்தை வேறு ஒன்று. எக்ஸ்பொனென்ஷியல். இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, எட்டு பதினாறாகி நிற்காமல் பெருகுவதற்குத்தான் அந்தப் பெயர். ஏற்காட்டில் அப்படிப் பெருகுவது ஞாயிற்றுக்கிழமை வருகிற கார்கள் மட்டும்தான். அதுவும் கொண்டை ஊசி வளைவில் ஒரு பஸ் திரும்ப முடியாமல் நின்றால் நின்றுவிடும். டைரக்டர் இதையெல்லாம் யோசிக்கிறவர் இல்லை. ஒரு குழுவில் இரண்டு தேனீப் பெட்டி நாலானது. தேனீ வளர்ப்பில் எக்ஸ்பொனென்ஷியல் வளர்ச்சி என்று எழுதிவிட்டார். அடுத்த வருஷம் எட்டுப் பெட்டியின் படம் எங்கே என்று மெயில் வந்தது. தேனீக்கு மெயில் படிக்கத் தெரியாது. அது மழை பிடித்த கையோடு நாலு பெட்டியையும் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. பெரிய வார்த்தை ஒன்றைப் போட்டுவிட்டால் வருஷா வருஷம் அதற்குத் தீனி போட்டாக வேண்டும். அந்தத் தீனி தேடுகிற வேலை உங்கள் தலையில்தான் விழும்.

இது ஒரு பக்கத்துத் தொல்லை. எதிர்ப் பக்கத்தில் நம் ஜனங்கள் இருக்கிறார்கள்.

நம் மலை விவசாயியிடம் மரத்தில் காய் இருக்கும்போது போய் விளைச்சல் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். “ஒண்ணுமில்லீங்க” என்பார். தலைக்கு மேலே மிளகுக் கொடி பாரம் தாங்காமல் தொங்கும். காலடியில் ஆரஞ்சு உருளும். அவர் முகத்தை மட்டும் பார்த்தால் எழவு வீட்டிலிருந்து நேராக வந்தவர் மாதிரி இருக்கும். இதில் பொய் எதுவும் இல்லை. மரத்தடியில் நின்று ‘நல்லா வளந்திருக்கு’ என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும், அவ்வளவுதான். நான் சர்ச்சுக்குப் போகிறவள், எனக்குத் திருஷ்டியில் எல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் என் மகன் எவ்வளவு மார்க் என்று யாராவது கேட்டால் “ஏதோ பாஸுங்க” என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். பாதிரியாருக்கு இது தெரிய வேண்டியதில்லை.

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் சமவெளியிலிருந்து வந்தவர். இங்கிலீஷில் புலி. அவர் காலத்தில் ஒரு மலையூருக்கு ஆரஞ்சுக் கன்று கொடுப்பதற்கு முன்னால் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். இருக்கிற மரங்களில் காய்ப்பு எப்படி என்று கேட்டார். விவசாயி வழக்கம்போல “ஒண்ணுமில்லீங்க” என்றார். இவர் அதை அப்படியே ‘நத்திங்’ என்று மாற்றிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இந்த ஊர் மண்ணில் ஆரஞ்சு வராது என்று எழுதிக்கொண்டு அதிகாரி ஜீப் ஏறினார். கன்றுகள் வேறு ஊருக்குப் போயின. அந்த ஊர்க்காரர்கள் நம் ஆபீஸ் படி ஏறவே ரொம்ப காலம் மறுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இந்தக் கதையைச் சொல்லித்தான் என்னைப் பயமுறுத்தினார்கள். ‘நத்திங்’ என்று மட்டும் சொல்லிவிடாதே என்பதுதான் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி. அதுவும் பாதிதான் சரியான பயிற்சி என்பது கரடியூர்ப் பக்கம் ஒரு காலை வேளையில் தெரிந்தது.

அங்கே ஒரு காப்பி விவசாயிகள் குழு இருந்தது. தலைவி காளியக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கட்டையான உருவம், கணீரென்ற குரல். காப்பிப் பழத்தைப் பறித்த அன்றைக்கே தோல் உரிக்க வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் புளித்துவிடும். தோல் உரிக்க வசதியில்லாத சின்ன விவசாயி சாயங்காலம் பழத்தை ரோட்டோரம் கொண்டுபோய், வேன் வைத்திருக்கிற வியாபாரி சொல்லும் விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டும். ராத்திரியில் பழம் புளிக்கும் என்பது வியாபாரிக்கும் தெரியும். அதனால் அவர் அவசரப்பட மாட்டார். டீ குடிப்பார், போன் பேசுவார், அப்புறம் ஒரு விலை சொல்வார். காளியக்கா கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வேனுக்கு முன்னால் நின்று பழகியவர்.

வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று அந்தக் குழுவுக்குத் தோல் உரிக்கும் மிஷின் ஒன்றைக் கொடுத்திருந்தது. கொடுத்தது என்றால் சும்மா இல்லை. சோதனைக்காகத்தான். இரண்டு அறுவடை பார்ப்பார்கள், பலன் இருந்தால் மிஷின் இங்கேயே இருக்கும். பலன் இல்லையென்றால் கழற்றி வேறு மலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கேயும் ஒரு குழு காத்துக்கொண்டிருந்தது. மிஷின் போனால் காளியக்காவும் மற்றவர்களும் மறுபடி வேனுக்கு முன்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

இதை முடிவு செய்ய ஹன்னா என்று ஒரு பெண் வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும், அதனால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள அவளுக்குத் தமிழும் தெரியாது. கையில் ஒரு டேப்லெட். காலில் அட்டைப்பூச்சிக்குப் பயந்து முழங்கால் வரை சாக்ஸ். வெயில் காய்ந்த நாள், அட்டை ஒன்றுகூடக் கிடையாது. அதை நான் சொல்லவில்லை, சாக்ஸ் அவ்வளவு அழகாக இருந்தது. டைரக்டரும் கூடவே வந்தார். அதுதான் எனக்குக் கவலை.

காளியக்கா எங்களைத் தோட்டத்திலேயே வரவேற்றார். காப்பிச் செடிகள் கிளை தெரியாமல் சிவந்து கிடந்தன. ஒரு கிளைக்கு முட்டுக்கொம்பு கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். மிஷின் வந்த பிறகு உரித்துக் காயவைத்த கொட்டைக்கு நல்ல விலை கிடைத்ததால் எருவும் ஆளும் போட்டுச் செடிகளைக் கவனிக்க முடிந்திருந்தது. அதன் பலன் கண்ணெதிரே தொங்கியது. ஹன்னா ஒரு பழத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மிஷின் வந்த பிறகு இவருடைய காப்பி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்டாள். நான் தமிழில் கேட்டேன்.

“என்னத்தைங்க வளந்துது? ஒண்ணுமில்லீங்க. எல்லாம் போச்சுங்க” என்றார் காளியக்கா, முட்டுக்கொம்பில் சாய்ந்துகொண்டே.

எனக்கு ஆரஞ்சுக் கன்று ஞாபகம் வந்தது. என்ன சொல்வது என்று ஒரு நிமிஷம் தடுமாறினேன். அந்த ஒரு நிமிஷத்தை டைரக்டர் பிடித்துக்கொண்டார். “எக்ஸ்பொனென்ஷியல், ஹன்னா! எக்ஸ்பொனென்ஷியல்!” என்றார். பிறகு காளியக்காவுக்கும் புரியட்டும் என்ற நல்லெண்ணத்தில், பழம் தொங்கும் கிளையை விரலால் சுட்டிக்காட்டி, “டபுள்! டபுள்!” என்று இரண்டு தடவை கத்தினார்.

எக்ஸ்பொனென்ஷியல் காளியக்காவுக்குத் தெரியாது. டபுள் தெரியாதவர் தமிழ்நாட்டில் உண்டா? அவருடைய முகம் கறுத்தது.

“ஏனுங்க சாரு, மரத்தடியில நின்னுக்கிட்டு என்ன வார்த்தைங்க பேசறீங்க? வெரல வேற நீட்டறீங்க! உங்கூட்டுப் புள்ளைய ஆராச்சும் இப்படிச் சொன்னா சும்மா இருப்பீங்களா?”

தூ தூ தூ என்று மூன்று முறை மண்ணில் துப்பினார். அந்தக் கிளையைத் தடவிக் கொடுத்து நெற்றியில் விரல்களை வைத்து நெட்டி முறித்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஹன்னாவின் முகமும் மாறிவிட்டது. அவள் பார்த்தது என்ன? விவசாயி ஏதோ சலிப்பாகச் சொன்னார். மொழிபெயர்க்க வந்தவள் விழித்தாள். டைரக்டர் நடுவில் புகுந்து பெருமையாக ஏதோ சொன்னார். விவசாயி துப்பிவிட்டுப் போய்விட்டார். போதாதா?

“அந்த அம்மா என்ன சொன்னார்?” என்று என்னிடம் கேட்டாள்.

சொன்னேன். ஒன்றுமில்லை, எல்லாம் போய்விட்டது என்றார், ஆனால் எங்கள் ஊரில் அதற்கு அப்படி அர்த்தம் இல்லை என்று திருஷ்டி விஷயத்தை விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“ஸ்டெல்லா, நான் போகிற எல்லா ஊரிலும் இது நடக்கிறது. ஊர்க்காரர் இல்லை என்கிறார். இல்லை என்றால் ஆமாம் என்று அர்த்தம் என ஆபீஸிலிருந்து வந்த ஒருவர் எனக்கு விளக்குகிறார். அப்புறம் போய்ப் பார்த்தால் யாரும் தொடாத அந்த மிஷின் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருக்கும். எனக்கு விளக்கம் வேண்டாம். அவர் சொல்வதை மட்டும், வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்கள்.”

அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிஷமே அவள் கேட்டதில் தப்பில்லை என்றும் தெரிந்தது. கோழி அடைகாத்த மிஷினை நானே பார்த்திருக்கிறேன். இனி என் விளக்கத்துக்கு அங்கே காலணா மதிப்பில்லை. காளியக்காவின் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு. அவரோ வளர்ந்திருக்கிறது என்று சாகும்வரை சொல்லமாட்டார். பயமாகத்தான் இருந்தது, கண்ணுகளா.

வீட்டுக்குப் போகிற அந்தச் சின்ன ஏற்றத்தில்தான் எனக்கு ஒன்று தோன்றியது. நம் ஜனங்கள் பெருமை பேசமாட்டார்கள், சரி. குறை சொல்லச் சொன்னால்?

டைரக்டரை ஜீப்பில் குடை இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பினேன். வெயிலில் எதற்குக் குடை என்று அவர் கேட்கவில்லை. அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார்.

வீட்டு வாசலில் நின்ற காளியக்காவிடம் போய், “அக்கா, அந்தச் சாரு சொன்னத உடுங்க” என்றேன். “இந்தப் பொண்ணு உங்க கஷ்டத்தைக் கேக்க வந்திருக்குது. இந்த வருஷம் உங்களுக்கு என்ன தொந்தரவுன்னு கேக்குது.”

ஹன்னாவிடம் திரும்பி, உங்கள் கேள்வியை நான் மாற்றிக் கேட்டிருக்கிறேன், என்ன தொல்லைகள் என்று கேட்டேன், பதிலை வார்த்தைக்கு வார்த்தை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நடுவில் நிற்கிறவர்கள் எதைச் செய்தாலும் இரண்டு பக்கமும் தெரியச் செய்ய வேண்டும்.

காளியக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“கஷ்டமா? கேட்டதே கேட்டீங்க, உக்காந்து கேளுங்க. முன்னயெல்லாம் ஒரு தார்ப்பாய்ல கொட்டை காஞ்சுதுங்க. இப்ப மூணு விரிச்சும் பத்த மாட்டீங்குது. ஊட்டுக்குள்ளாற போகோணும்னா கொட்டை மேல கால வெக்காம போக முடியலீங்க. எங்கூட்டுக்காரரு கட்டில்ல சாக்கு அடுக்கி வெச்சுப்போட்டு அவரு தரையில படுக்கறாரு, இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னு காலைல எங்கிட்ட கத்தறாரு. பறிக்க ஆளு பத்தலை. கொட்டச்சேட்டு ஊருல கட்டிக்குடுத்த எந்தங்கச்சிய, அவ புருசன் மொறைக்க மொறைக்க, கூட்டியாந்து வெச்சிருக்கறனுங்க. இந்தச் சனியன் புடிச்ச மிசினு இருக்குதே, வெளக்கு வெச்சப்பறமும் நிக்கறதில்லை. மருமவ காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு சோறாக்கறா. இது பத்தாதுன்னு மேக்கால ஊருக்காரங்க வேற அவங்க பழத்தையும் கொண்டாந்து கொட்டிப்போட்டு, அக்கா எங்களுக்கும் உரிச்சுக்குடுங்கறாங்க. நானென்ன மில்லா நடத்தறேன்? நொம்ப ரோதனைங்க!”

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கட்டில், இடுப்பு, பஞ்சு, முறைத்த புருஷன், எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் தலையை நிமிர்த்தாமல் டேப்லெட்டில் தட்டிக்கொண்டிருந்த ஹன்னா, கட்டில் வந்ததும் நிமிர்ந்தாள். எழுந்துபோய் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டிலில் சாக்குகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்து நிறைய எழுதினாள். எனக்கு மூச்சு வந்தது.

அத்தோடு அவள் கிளம்பியிருக்கலாம். ஆனால் அவளுக்குக் கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருந்தது. எல்லா ஊரிலும் கேட்டே ஆக வேண்டிய கேள்வியாம். மிஷின் இங்கேயே இருக்க வேண்டுமா என்று காளியக்காவிடம் கேட்கச் சொன்னாள்.

கேட்டேன். காளியக்கா கொட்டகையில் நின்ற மிஷினை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பவர் அவர்தான். மற்றவர்களைத் தொட விடுவதுகூட இல்லை.

“எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க அந்தச் சனியனை” என்றார்.

குழந்தை அழகாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால் “கருவாயன், இவன் என்ன அழகு” என்று தாய் சொல்வாளே, அந்தச் சொல்தான் இது. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆனால் என்னிடம் கேட்கப்பட்டது வார்த்தைக்கு வார்த்தை. ‘வேண்டும் என்கிறார்’ என்று ஒரு சின்னப் பொய் சொல்லிவிட்டு வந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் குடையோடு டைரக்டர் வேறு திரும்பி வந்து, கண்ணால் என்னைக் கெஞ்சினார்.

நான் யோசித்தது இதுதான். நான் அதை ‘ஆமாம்’ என்று மாற்றினால், இதற்கு முன் சொன்ன கட்டிலும் சாக்கும்கூட நான் மாற்றியவைதான் என்று ஆகிவிடும். அவள் என்னை நம்பத் தொடங்கி அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது.

“அந்தச் சனியனை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்” என்று இங்கிலீஷில் சொன்னேன். சனியனுக்கு இங்கிலீஷில் சரியான வார்த்தை கிடையாது. ‘சபிக்கப்பட்ட பொருள்’ என்று சொல்லிவைத்தேன். டைரக்டர் குடையின் மேல் சாய்ந்துகொண்டார்.

ஹன்னா தலையாட்டினாள். “சரி. அந்த இன்னொரு குழு காத்திருக்கிறது. சனிக்கிழமை லாரி அனுப்பினால் வசதிப்படுமா என்று கேளுங்கள்.”

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. உண்மையாகத்தான் கேட்டாள். அதையும் நான் மாற்றவில்லை.

“அக்கா, சரிங்குது. சனிக்கிழமை லாரி வந்து மிஷினை ஏத்திக்கிட்டுப் போகட்டுமான்னு கேக்குது.”

காளியக்கா விருட்டென்று எழுந்தார். கொட்டகைக்குள் போனார். மிஷினில் பழம் கொட்டுகிற வாய்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, அதற்கு முதுகைக் கொடுத்து எங்களைப் பார்த்து நின்றார். அவர் போட்ட சத்தம் கொட்டச்சேட்டில் முறைத்துக்கொண்டிருந்த தங்கச்சி புருஷனுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

“ஆரூட்டு மிசினை ஆருடி ஏத்தறது? கைய வெச்சுப் பாருங்க! அந்த வேன்காரன் டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் கூடையத் தலைல வெச்சுக்கிட்டு நின்னவ நானு. மறுக்கா என்னை அங்க நிறுத்தலாம்னு பாக்கறீங்களா? லாரி மலையேறி வரட்டும், டயருல காத்து இருக்காதுன்னு சொல்லிப்போடுங்க!”

நான் ஹன்னாவின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தினாள்.

“இது புரிந்துவிட்டது” என்றாள்.

ஆனாலும் சம்பளம் வாங்குகிறவள் இல்லையா, முழுசாகச் சொன்னேன். வேன், டீ, தலையில் கூடை, டயர், எதையும் விடவில்லை. ஹன்னா எழுந்துபோய்க் காளியக்காவுக்கு எதிரே நின்றாள். லாரி வராது என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். காளியக்கா அப்போதும் மிஷின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. ஜீப் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் எடுத்தார் என்று பிற்பாடு அவருடைய மருமகள் சொன்னாள்.

இறக்கத்தில் வரும்போது ஹன்னா டேப்லெட்டைக் காட்டினாள். வளர்ச்சி என்ற தலைப்பின் கீழே கட்டம் காலியாக இருந்தது. இங்கே எந்த வார்த்தையைப் போடுவது, டபுளா என்று கேட்டாள். முன் சீட்டிலிருந்து டைரக்டர் மூச்சை இழுத்தார். அவர் வாயிலிருந்து ‘எக்ஸ்’ வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“காய் இன்னும் மரத்தில் இருக்கிறது, எத்தனை மடங்கு என்று எனக்குத் தெரியாது” என்றேன். “பழைய தார்ப்பாயில் அடங்காமல் வளர்ந்துவிட்டது என்று போடுங்கள்.” பிள்ளைக்கு முன் வருஷத்துச் சட்டை பத்தாமல் போவதற்கு இங்கிலீஷில் ‘அவுட்க்ரோன்’ என்று ஒரு நல்ல வார்த்தை உண்டு. எவ்வளவு என்று சொல்லாது, சொன்னது பொய்யாகாது, அடுத்த வருஷம் தீனியும் கேட்காது. ஹன்னா அதையே எழுதிக்கொண்டாள். சேலம் ரோடு வந்ததும் டைரக்டர் “நல்ல வார்த்தை, ஸ்டெல்லா” என்றார். அடுத்த மாத அறிக்கையில் அதை ஒன்பது இடத்தில் போட்டுவைத்தார், அது வேறு விஷயம்.

எனக்கு முன்னால் இருந்தவரை இன்றுவரை எல்லோரும் திட்டுகிறார்கள். ‘நத்திங்’ என்று அவர் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை என்றுதான் நான் இப்போது நினைக்கிறேன். அவர் அத்தோடு நின்றுவிட்டார். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த விவசாயி, கிளை ஒடிகிறது, குரங்கு வருகிறது, கூடை பத்தவில்லை என்று கொட்டித் தீர்த்திருப்பார். நீங்கள் யாருடைய வார்த்தையையும் சரிசெய்யப் போகாதீர்கள். பேச்சு இன்னும் ஒரு சுற்று போகட்டும் என்று விடுங்கள். அதற்குள் யாராவது டபுள் என்று கத்தவந்தால் குடை எடுத்துவர அனுப்புங்கள்.

அந்த மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பொரி வாங்கத்தான் போனேன், பாதிரியார் கேட்டால் அப்படியே சொல்லுங்கள். பொரிக்கடை ஓரமாக நின்றபோது பின்னாலிருந்து யாரோ முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். காளியக்கா. புதுச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. காப்பியும் மிளகும் விற்று முடித்து, சாமிக்கும் காணிக்கை வைத்துவிட்டு வந்திருந்தார். கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு என் காதுப் பக்கம் குனிந்தார்.

“ஏனுங்க, டபுளுன்னா ரெண்டு மடங்குதானுங்களே?”

“ஆமாங்கக்கா.”

இல்லை என்று மெல்லத் தலையை ஆட்டினார். எனக்கு முதலில் விளங்கவில்லை.

“அதுக்கு மேல இங்கிலீசுல என்னன்னு சொல்லுவாங்க?” என்றார்.

“ட்ரி…” என்று ஆரம்பித்தேன். முழுசாக வெளியே வருவதற்குள் பொரி ஒட்டிய அவர் கை என் வாயைப் பொத்திவிட்டது.